ஒளிச்சு வைச்ச செற்றப்

போன மாரியில் ஒரு சனிக்கிழமை இரவு. எங்கட லீக்கில் மொன்சா ஓட்டம். கேம் அசெற்றோ கோர்சா கொம்பெற்றிசியோனே, ஜிரி3 கார்கள், 45 நிமிசம். புதிசாச் சேர்ந்த கோப்பாய்த் தம்பி ஒருவன் முதல்நாள் முழுக்க எல்லாரிட்டையும் ஒரே கேள்வியோட திரிஞ்சான்: "அண்ணை, ரயருக்கு எத்தினை வைக்கிறது?" ஐந்து பேரிட்டைக் கேட்டான். மூன்று பேர் பதில் போடவில்லை. ஒருவர் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். ஐந்தாவது ஆள்தான் தாராள மனசோட சொன்னது: "27 வை தம்பி."

தம்பி 27 வைத்தான். நாலாம் சுற்றில் கார் சவர்க்காரத் தண்ணியில் ஓடுகிற மாதிரி வழுக்கத் தொடங்கியது. பத்தாம் சுற்றில் பரபோலிக்கா வளைவில் நேரே போய்ச் சுவரில். அடுத்த கிழமை அவன் வரவில்லை. அதுக்கடுத்த கிழமையும் இல்லை.

பதில் போடாத அந்த மூன்று பேரில் இரண்டு பேர் இதை எழுதுகிற எங்களுக்குள்ளேயே இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேணும்.

27 பிழையான இலக்கமா? இல்லை. இந்தக் கேமில் கராஜ் திரையில் நாங்கள் வைப்பது குளிர்ந்த ரயரின் அமுக்கம். ஓட ஓட ரயர் சூடாகும், உள்ளே காற்று விரியும், அமுக்கம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏறும். அண்ணை சொன்ன 27, சூடான பிறகு வந்து நிக்க வேண்டிய இலக்கு. தம்பி அதைக் குளிரிலேயே வைத்தான். சூட்டில் அது 30 அளவில் போய் நிண்டிருக்கும். அதோட, 2023 சித்திரையில் வந்த 1.9 பதிப்பில் ரயரின் கணக்கையே மாற்றிவிட்டார்கள். அதுக்கு முதல் 27.5 ஐச் சுற்றி நிண்டால் நல்ல பிடிமானம். பிறகு 26 இற்கும் 27 இற்கும் இடையில் நிக்க வேணும். பழைய பதிப்பில் எடுத்த வீடியோக்கள் இப்பவும் யூரியூப்பில் அப்படியே கிடக்கு. வெயிலும் கணக்கில் வரும்: காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் ஏறத்தாழ 0.1 பிஎஸ்ஐ ஏறும் என்று ஓடுகிற ஆக்கள் கைக்கணக்கு வைத்திருப்பார்கள். காலை ஓட்டத்துக்கு வைச்ச இலக்கம் மத்தியான ஓட்டத்துக்குச் சரிவராது.

ஆக அந்த அண்ணை பொய் சொல்லேல்லை. உண்மையைப் பாதியாய் வெட்டிக் குடுத்தார். குளிரிலோ சூட்டிலோ, எந்தப் பதிப்பு, எந்தக் கார், எத்தினை பாகை, எவ்வளவு எரிபொருள்? இதொன்றும் இல்லாத 27, முகவரி எழுதாத கடிதம் மாதிரி.

எங்கட சண்டை இரண்டு பக்கத்தோட. செற்றப்பை ஒளிச்சு வைக்கிற ஆக்களோடயும், வெறும் இலக்கத்தை எறிஞ்சுபோட்டு உதவி செய்ததாய் நினைக்கிற ஆக்களோடயும். முதலாவது ஆக்கள் கெட்டவர்கள், இரண்டாவது ஆக்கள் நல்லவர்கள் என்று பொதுவாய்ப் பேச்சு. மொன்சாச் சுவரில் கிடந்த காரைப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருத்தருக்கு இது புதுக் கதையும் இல்லை. பட்டம் கட்டின எவனையும் கேளுங்கோ. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஏறுகிற பெரிய பட்டங்களை விடுங்கோ, வீட்டு வளவில் ஈர்க்கிலும் ரிசுப் பேப்பரும் வைச்சு ஒட்டின பட்டத்துக்கே முச்சை இருக்கு. முச்சை முடிச்சைக் கொஞ்சம் மேலே தள்ளினால் பட்டம் காத்துக்குக் குனிஞ்சு நிக்கும், பலத்த காத்தில் தாக்குப் பிடிக்கும். கீழே இறக்கினால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிக்கும், மெல்லிய காத்திலும் ஏறும், பலத்த காத்தில் பிச்சுக்கொண்டு போகும். ஆரும் "முச்சை எவ்வளவு?" என்று மொட்டையாய்க் கேக்கிறதில்லை. "எந்தக் காத்துக்கு? வால் எவ்வளவு நீளம்? விண் பூட்டியிருக்கோ?" என்றுதான் கதை தொடங்கும். எட்டு வயசுப் பெடியனுக்கே தெரிந்த ஒழுங்கு இது. அதே பெடியன் பத்தொன்பது வயசில் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு "27 வை" என்கிறான்.

இன்னும் பின்னுக்குப் போனால் எங்கட அப்பாமாரின் கதை. 1990 இல் திரும்பவும் சண்டை தொடங்கினதோட குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை. ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின காலம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் ஒழுங்காய் ஆவியாகாது. அதால் ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைச்சிருந்த துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். ஒக்ரேன் குறைந்த எண்ணெய், எஞ்சின் தட்டும், தீப்பொறி விழுகிற நேரத்தைப் பிந்த வைக்க வேணும். இது முழுக்க ரியூனிங். கொம்பனிப் புத்தகத்தில் இல்லாத ரியூனிங்.

இந்த வித்தை ஒரு கராஜில் பூட்டிக் கிடந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தக் கராஜ்காரர் பணக்காரர் ஆகியிருப்பார், குடாநாட்டின் மிச்சக் கார்கள் கோழிக்கூடாய்ப் போயிருக்கும். அப்படி நடக்கவில்லை. ஊருக்கு ஊர், ஒழுங்கைக்கு ஒழுங்கை, பார்த்தும் கேட்டும் பரவியது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட நாங்கள் வரவில்லை. அதை ஆரும் விரும்பிச் செய்யவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக வேணும் என்றுதான் செய்தார்கள். ஆனால் பங்குபோட்டதால் ஆருடைய காரும் மெதுவாய் ஓடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இப்ப எங்களைப் பாருங்கோ. மின்சாரம் இருக்கு, இணையம் இருக்கு. பழைய அசெற்றோ கோர்சாவில் செற்றப் என்பது கணினிக்குள் கிடக்கிற ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, நோட்பாட்டில் திறந்து வாசிக்கலாம். வட்சப்பில் அனுப்ப இரண்டு செக்கன் போதும். அதை அனுப்பத்தான் மனம் வருகுதில்லை.

சில கேம்களின் பழக்கமும் எங்களைப் பழுதாக்கியிருக்கு. போர்சா ஹொரைசனில் ஒருத்தர் போட்ட ரியூனை ஒன்பது இலக்கக் கோட் அடித்து இறக்கலாம். இறக்கின பிறகு உள்ளே என்ன இருக்கு என்று பார்க்க ஏலாது, பூட்டு. ஸ்பிரிங் எவ்வளவு, டிஃபரென்சியல் எவ்வளவு, ஒன்றும் தெரியாது. ஓடலாம், படிக்கேலாது. அந்தக் கேமுக்கு அது சரியாய் இருக்கலாம், ரியூன் போடுகிற ஆளுக்கு ஒரு பேர் கிடைக்குது. ஆனால் அதில் பழகின ஒரு தலைமுறை செற்றப் என்றாலே கறுப்புப் பெட்டி என்று நினைக்குது. கேட்டால் "கோட் தாறன்" என்கிறது. "விளங்கப்படுத்துறன்" என்கிறதில்லை.

"போர்முலா வண்ணில் ஆர் செற்றப் காட்டுறான்?" என்று ஒரு அண்ணை எங்களைக் கேட்டார். நல்ல கேள்வி. ஒருத்தரும் காட்டுறதில்லை. 2007 இல் பெராரியின் 780 பக்க ஆவணம் மக்லாரன் ஆள் ஒருவரின் கையில் கிடந்ததுக்கு மக்லாரனுக்கு 100 மில்லியன் டொலர் தண்டம் விழுந்தது. அங்கே ஒளிப்புக்கு விலை இருக்கு. ஆனால் அண்ணை மறந்த ஒன்றும் இருக்கு. அதே அணிக்குள், ஒரே கராஜில் இருக்கிற இரண்டு ஓட்டுநரின் தரவும் இரண்டு பக்க எஞ்சினியருக்கும் திறந்து கிடக்கும். எந்த இடத்தில் முந்திப் பிரேக் பிடித்தான், எந்த வளைவில் கியர் மாற்றினான் எல்லாம். போட்டியாளரும் அவர்கள்தான், ஒரே கராஜும் அவர்கள்தான். எங்கட லீக்கில் இருபது சொச்சம் பேர். எங்களுக்கு 100 மில்லியன் இல்லை, பரிசு என்றால் ஒரு கொத்துரொட்டி. நாங்கள் இருபது அணியா, ஒரு கராஜா?

அடுத்த தடை கொஞ்சம் புத்திசாலித்தனமானது. "ஏன் இந்தப் பாடு? எல்லாருக்கும் ஒரே செற்றப், கை வைக்கேலாது என்று போட்டுவிடு." ஐரேசிங்கில் இந்த இரண்டு வழியும் தனித்தனித் தொடராய் இருக்கு: பூட்டின செற்றப் ஓட்டம், திறந்த செற்றப் ஓட்டம். பூட்டின ஓட்டம் தொடக்கக்காரருக்கு நல்லது, மாதத்தில் ஒரு தரம் நாங்களும் வைக்கலாம். ஆனால் அதை நீதி என்று விக்க வராதேங்கோ. எங்கட ஆக்களில் ஒருத்தரிட்டை கனடாச் சித்தப்பா கொண்டுவந்த ஸ்ரியறிங்கும் மூன்று பெடலும் இருக்கு, 900 பாகை சுத்தும். இன்னொருத்தரிட்டை கொன்ரோலர். இன்னொரு தங்கச்சி கீபோர்ட்டில் ஓடுறா, திருப்பம் என்றால் முழுத் திருப்பம், இல்லையென்றால் ஒன்றும் இல்லை. இந்த மூன்று கைக்கும் ஒரே செற்றப் என்பது மூன்று பேருக்கும் ஒரே அளவுச் செருப்பு. கேமோட வருகிற தயார்ச் செற்றப்புகளும் ஒருவிதக் கையை நினைச்சுத்தான் செய்யப்பட்டிருக்கு.

சவாரிக்காரர் இதை எப்பவோ விளங்கி வைத்திருக்கிறார்கள். எங்கட பக்கத்து மாட்டுவண்டிச் சவாரியில் மாடுகளைத் தரம் பிரிச்சுத்தான் விடுவார்கள். தென் தமிழ்நாட்டிலும் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தரத்தைப் பிரிப்பதில் பொது ஒழுங்கு. அந்தத் தரத்துக்குள் எப்படிப் பழக்குகிறாய், எப்படி ஓட்டுகிறாய் என்பது உன்ர கெட்டித்தனம். (சவாரியில் மாடு படுகிற பாடு வேற கதை. அதையும் ஒரு நாள் எழுத வேணும்.)

சரி, அப்ப என்னத்தைப் பொதுவாக்குவது? எங்கட பதில்: செற்றப்பை அல்ல, செற்றப்பை எழுதுகிற முறையை.

முதலில் அடி. கொம்பெற்றிசியோனேயில் ஒவ்வொரு காருக்கும் "சேஃப்", "அக்ரெசிவ்" என்று தயார்ச் செற்றப் வரும். எல்லாரிட்டையும் இருக்கு, எல்லாருக்கும் ஒன்று. ஆகவே ஒருத்தர் தன்ர செற்றப்பைப் பகிரும்போது ஐம்பது இலக்கத்தைக் கொட்டத் தேவையில்லை. சேஃபில் இருந்து எதை மாற்றினேன், என்னத்துக்கு மாற்றினேன். பின் விங் இரண்டு குறைத்தது, நேர்ப்பாதையில் வேகம் காணாததால். முன் அன்ரி ரோல் பாரை ஒன்று மெதுவாக்கினது, காரின் மூக்கு வளைவுக்குள் வராததால். இப்படி ஐந்தாறு வரி. ஐம்பது இலக்கத்தைப் பார்த்து ஆரும் ஒன்றும் படிக்கிறதில்லை, இந்த ஐந்து வரியில் ஒரு பாடமே இருக்கு. பிழை வந்தாலும் எந்த வரியில் பிழை என்று பிடிக்கலாம்.

பிறகு சூழ்நிலை: கேமின் பதிப்பு, தடம், காற்று வெப்பம், எரிபொருள் எத்தினை லீற்றர், ரயர் அமுக்கம் குளிரில் எவ்வளவு, ஐந்து சுற்றுக்குப் பிறகு சூட்டில் எவ்வளவு. என்ன கருவியில் ஓடினது. இதெல்லாம் ஒரு நிமிச வேலை.

அலகிலும் ஒரு முடிவு வேணும். ஒருத்தர் பார் என்கிறார், ஒருத்தர் பிஎஸ்ஐ என்கிறார். ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. இதாவது பார்த்தவுடன் பிடிபடும். ஸ்பிரிங் அப்படியில்லை. கிரான் ரூரிஸ்மோ 7 அதை ஹேர்ட்ஸில் காட்டும். போர்சாவில் அலகை மாற்றினால் இறாத்தல்-அங்குலத்திலும் காட்டும், கிலோ-மில்லிமீற்றரிலும் காட்டும். ஒன்றை மற்றதுக்கு மாற்ற 56 ஆல் பெருக்க வேணும். அன்ரி ரோல் பார் ஒரு கேமில் 1 இல் இருந்து 10, இன்னொன்றில் 1 இல் இருந்து 65. "அன்ரி ரோல் 8 வைச்சனான், சூப்பர்" என்று ஒருத்தர் சொன்னால், எந்தக் கேமில் என்று தெரியாமல் அது வெறும் சத்தம்.

எங்களுக்கு இதிலெல்லாம் கூட முக்கியமாய்ப் படுகிறது சொல். இலக்கம் பிழைத்தால் கெதியில் கண்டுபிடிக்கலாம், சொல் பிழைத்தால் இரண்டு பேரும் விளங்கிக்கொண்டதாய் நினைச்சுக்கொண்டு போவார்கள். எங்கட லீக்கில் "கார் இழுக்குது" என்ற சொல்லுக்கு நாங்கள் எண்ணின வரைக்கும் மூன்று கருத்து. ஒருத்தருக்கு நேர்ப்பாதையில் நல்ல வேகம், "சும்மா இழுக்குது மச்சான்." இன்னொருத்தருக்குப் பிரேக் பிடிக்கேக்கை ஒரு பக்கம் இழுபடுது. மூன்றாவது ஆளுக்கு வளைவில் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போகுது. ஒருத்தர் புகழ்ந்து சொன்னதை மற்றவர் முறைப்பாடாய் எடுத்து, நல்லாய் இருந்த பிரேக்கைப் போய்க் கிண்டின கதை உண்மையாய் நடந்தது.

அதால் ஒரு சின்னச் சொற்பட்டியல். திருப்பியும் கார் நேரே போனால் "மூக்கு வருகுதில்லை." பின்பக்கம் கழண்டு சுத்தப் பார்த்தால் "வால் வீசுது." (எங்கட பெடியள் இதுக்குப் பாவிக்கிற அசல் சொல்லை இஞ்சை எழுத ஏலாது, ஆனால் அதுதான் இன்னும் வடிவாய் விளங்கும்.) இதோட எந்த இடத்தில் என்றதும் சேர வேணும்: பிரேக் பிடிக்கேக்கையா, வளைவின் நடுவிலா, வெளியே வரேக்கை அக்சிலறேற்றர் மிதிக்கிற நேரத்திலா? இந்த மூன்றுக்கும் மூன்று வேற மருந்து. பிரேக் பிடிக்கேக்கை வால் வீசினால் பிரேக் பங்கீட்டை முன்னுக்குத் தள்ளலாம். வெளியே வரேக்கை வீசினால் அது வேற வியாதி, ட்ரக்சன் கொன்ரோலையும் பின் சஸ்பென்சனையும் பார்க்க வேணும். "வால் வீசுது" என்று மட்டும் சொன்னால் டொக்டரிட்டைப் போய் "சுகமில்லை" என்கிற மாதிரி.

கடைசியாய் நேரம். ஆரும் தன்ர ஆகத் திறமான சுற்றைத்தான் போடுவார்கள். ஒரு சுற்று எவனுக்கும் வரும், முன்னால் போகிற காரின் இழுவையில் நேர்ப்பாதை ஓடினாலே மொன்சாவில் நேரம் விழும். நாங்கள் கேட்பது தொடர்ந்து ஓடின ஐந்து சுற்றின் சராசரி, அதில் ஆக மோசமான சுற்று எது என்பதும். மோசமான சுற்றை எழுதச் சொன்னவுடன் எத்தினை பேரின் முகம் மாறியது என்று நாங்கள் பார்த்தோம். அங்கேதான் இருக்கு ஒளிப்பின் உண்மையான காரணம். கனபேர் ஒளிக்கிறது செற்றப்பை இல்லை, தங்கட செற்றப்பில் அப்படி ஒரு மந்திரமும் இல்லை என்ற விசயத்தை. எங்களில் இரண்டு பேர் பதில் போடாமல் விட்டதுக்கும் காரணம் அதுதான். கேட்டால் விளங்கப்படுத்த எங்களுக்கே தெரியாது. ஆரோ தந்ததை வைத்து ஓடிக்கொண்டிருந்தோம்.

"உங்களுக்கு இது பொழுதுபோக்குத்தானே, என்னத்துக்கு இவ்வளவு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அந்தக் கோப்பாய்த் தம்பியின் வீட்டில் இந்தக் கேம் ஓடுகிற கணினி இல்லை. கேம் கடையில் மணித்தியாலத்துக்குக் காசு குடுத்துத்தான் ஓடினவன். செற்றப்பைச் சரிபண்ண வேணும் என்றால் இரண்டு சுற்று ஓடி, நிப்பாட்டி, ஒன்றை மாற்றி, திரும்ப இரண்டு சுற்று. வீட்டில் கணினி வைத்திருக்கிற எங்களுக்கு அது இரவு முழுக்கச் செய்யக்கூடிய விளையாட்டு. அவனுக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் மீற்றர் ஓடுது. எங்களிட்டை ஏற்கனவே இருந்த பதிலைத் திரும்பக் கண்டுபிடிக்க அவன் காசு கட்ட வேண்டியிருந்தது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நேரம், கறண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் ஓடிப்போய்க் கணினியைப் போட்ட எங்களுக்கு இது மறந்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேணும். இந்த நாட்டில் 2020 பங்குனியில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. திறந்தும் என்ன, விலையைக் கேட்டால் தலை சுத்தும். எங்கட வயசுக்காரர் கனபேருக்குக் கார் என்பது திரையில் மட்டும்தான். கம்பர் என்றால் என்ன, ஏன் முன் ரயர் உள்ளுக்குத் தேயுது, எடை எப்படி முன்னுக்கும் பின்னுக்கும் மாறுது என்பதை நாங்கள் படிக்கிற ஒரே வகுப்பறை இதுதான். இதில் படித்து உண்மையான கராஜில் வேலைக்குப் போன ஒருத்தர் எங்களுக்குள் இருக்கிறார். அவரிட்டைக் கேட்டால், முதலாளி முதல் நாளே சொன்னது "மாத்தினதை எழுதி வை" என்றதாம்.

எல்லாரும் பகிர்ந்தால் எல்லாரும் ஒரே மாதிரி ஓடுவார்கள், சுவாரசியம் போய்விடும் என்று இன்னும் சிலர் முணுமுணுக்கிறார்கள். நாங்கள் பரீட்சித்துப் பார்த்தோம். ஒரே கார், ஒரே கோப்பு, ஒரே தடம், நாலு பேர். முதலாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும் இடையில் சுற்றுக்கு இரண்டு செக்கனுக்கு மேல் வித்தியாசம். வெல்லுகிற ஆள் வெல்லத்தான் போகிறார். அவர் பயப்பட ஒன்றும் இல்லை.

ஆகவே நாங்கள் தொடங்கிவிட்டோம். எங்களுக்குள் இருக்கிற ஆறு பேரின் மொன்சா, ஸ்பா செற்றப்புகள் மேலே சொன்ன முறையில் எழுதி லீக்கின் பொதுக் கோப்புறையில் கிடக்கு. சேஃபில் இருந்து மாற்றினது, காரணம், குளிர் அமுக்கம், சூட்டு அமுக்கம், கருவி, சராசரி, ஆக மோசமான சுற்று, எல்லாம் இருக்கு. பூட்டு இல்லை. மற்ற ஆக்களுக்கும் வருகிற ஓட்டத்துக்கு முதல் ஒரு கிழமை இருக்கு. போடாத ஆளை ஓட விடமாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை, ஆனால் ஆர் போட்டது ஆர் போடவில்லை என்ற பட்டியல் கோப்புறையின் முதல் பக்கத்தில் இருக்கும்.

கோப்பாய்த் தம்பிக்கும் இணைப்பை அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. கீபோர்ட்டில் ஓடுகிற தங்கச்சி மட்டும் முதல் நாளே எல்லாத்தையும் வாசித்துவிட்டு எழுதியிருக்கிறா: "மூன்றாவது தாளில சூட்டு அமுக்கம் குளிர் அமுக்கத்தை விடக் குறைவா எழுதிக் கிடக்கு. எதை மாறி எழுதினீங்கள்?"